பிளாக்குப் போடறாங்களாம்!

வாங்கம்மிணி, இப்பிடி உக்காருங்க. பையை மடியில வச்சுக்குங்க, மேல வச்சா வளைவுல வந்து தலையில உழுகும். சன்னலோரம் மட்டும் கேக்காதீங்க, அங்க நம்ம புள்ள தூங்குது. பஸ்சு ஏறுனதும் தூங்கிருச்சு. சிங்காநல்லூர்ல கெளம்புனாக் குண்டடம் வரைக்கும் அவளுக்கு இதான் தொட்டலு.

நீங்க எங்க, பல்லடத்துலயா எறங்கறீங்க? அட, அப்ப நேரமிருக்கு. நாங்க குண்டடத்துக்குப் போகோணும்.

கையைப் பாக்கறீங்க. பாருங்க, பாருங்க, அல்லாரும் பாக்கறாங்க. கண்டக்டருகூடப் பாத்துப்போட்டுத்தான் டிக்கெட்டுக் கிழிச்சாரு. அது இறுக்கமா ஒரு கையுறைங்க. தோலு தடிச்சுப்போகாம இருக்கறதுக்கு. ஒரு வருசம் போட்டே இருக்கோணுமாம், குளிக்கறப்ப மட்டும் கழட்டலாமாம். பேரு சாதனா. மூணாவது போறா. எம் மக இல்லீங்க, எந் தம்பி மக. அதா, டிரைவருக்குப் பின்னால வாயைத் தொறந்துட்டுத் தூங்கறானே ஒருத்தன், அவந்தான் லோகு. எந் தம்பி. அவனும் அப்பிடித்தான், பஸ்சு ஏறுனாத் தூங்கிருவான். எனக்குப் புள்ளகுட்டி இல்ல. எங்கூட்டுக்காரரு போனதுக்கப்பறம் தம்பி ஊட்லதான் இருக்கறேன். இவளைத் தூக்கி வளத்ததெல்லாம் நாந்தான். ஆத்தாகாரி சுகுணா பனியன் கம்பெனிக்குப் போயிருவா. அதனால இவளுக்கு ஒண்ணுன்னா எனக்குத்தான் மொதல்ல உயிரு போகும்.

மாசி மாசங்க. கொள்ளு ரசம் வச்சு, போசியோட எறக்கி மேடை மேல வச்சிருக்குது. செல்லு சார்ஜுப் போட்டிருந்துச்சு. அந்த வயரு போசியைச் சுத்திக் கெடந்திருக்குது. இவ பள்ளிக்கூடத்துலிருந்து வந்தவ, செல்லை எடுக்கறன்னு வயரைப் புடிச்சு ஒரே இழுப்பு. அவ்வளவுதான். வலது கை, மொழங்கை வரைக்கும். யாரு செல்லுன்னு கேக்கறீங்களா? என்னுதுதான். அதுக்கென்னங்க பண்றது, அல்லாரு ஊட்லயும் அடுப்படியிலதான் ப்ளக்கு இருக்குது.

நான் என்ன ஒண்ணும் தெரியாதவளா? ஓடிப்போயிப் பல்லு வெளக்கற பேஸ்ட்டை எடுத்துக் கையி பூராப் பூசுனேன். பக்கத்தூட்டுக்காரி பச்சைத்தண்ணி ஊத்துங்கறா. நான் கேப்பனா? அப்பறம் ஆஸ்பத்திரியில அதைச் சொரண்டி எடுக்கறதுக்கு அரை மணி நேரம் ஆச்சு. யாரு இதைப் பூசுனதுன்னு நர்சு கேட்டாங்க. நான் லோகுவைப் பாத்தேன். லோகு என்னையப் பாத்தான். பாவம், திட்டு அவனுக்கு உழுந்துச்சு. அவன் நல்லவனுங்க, வாயே தொறக்கமாட்டான்.

மொதல்ல தாராபுரம், அங்கிருந்து கோயமுத்தூரு. பதினஞ்சு நாளு கட்டுப்போட்டுப் பாத்தாங்க. பெரிய டாக்டரு வந்து, காயம் ஆழமாப் போயிருச்சு, தானா மூடாது, தோலு எடுத்து வைக்கோணும்னுபோட்டாரு. வைக்காட்டி வெரலெல்லாம் உள்ள மடங்கி ஒட்டிக்குமாம், பென்சிலே புடிக்க முடியாதாம். இவ சோத்தாங்கைப் பழக்கம். பெயிண்டு அடிக்கறதுன்னாச் சோறு வேண்டாம் இவளுக்கு. நாங்க மூணு பேரும் அழுதுட்டு நிக்கறோம். தோலு எங்கிருந்து எடுப்பீங்கன்னு சுகுணாதான் கேட்டா. தொடையிலிருந்தாம். வெங்காயத் தோலாட்ட மெல்லிசாச் சீவி எடுப்பாங்களாம். எடுத்த எடம் பதினஞ்சு இருவது நாள்ல தானா மூடிக்குமாம்.

சரி, எடுங்கன்னோம். அதுவரைக்கும் எல்லாம் சரியாத்தான் போச்சு.

ஆப்பரேசனுக்கு மொத நாளு, பொழுதோட, ஒரு டாக்டரு வந்தாரு. மயக்க மருந்து குடுக்கறவராம். வயசு முப்பதுகூட இருக்காது. கையில ஒரு தாளு வச்சுட்டு வெசையாப் பேசறாரு. பின்னால ஒரு நர்சு. புள்ளைக்கு முழு மயக்கம் குடுத்துருவோம், அதோட தொடைக்கு ஒரு பிளாக்குப் போட்டுறலாம்ங்கறாரு.

எனக்குப் பகீர்னு போச்சுங்க.

ஏன்னு கேளுங்க. எங்கூட்டுக்காரரு கரண்ட் ஆபீசுல லைன்மேனா இருந்தாரு. இருவத்தெட்டு வருசம். எருதாட்ட மனுசன். ஒரு நாளு நெஞ்சைப் புடிச்சுட்டு உக்காந்தாரு. இதே கோயமுத்தூருக்குத்தான் கொண்டாந்தோம். கம்பி உட்டுப் பாத்துப்போட்டு மூணு பிளாக்குன்னாங்க. வியாழக்கெழமை ஆப்பரேசன் பண்ணி அந்த பிளாக்கை எல்லாம் எடுத்துறலாம்னாங்க. செவ்வாக்கெழமையே போயிட்டாரு. நாலு வருசம் ஆச்சு. எனக்குத் தெரிஞ்ச பிளாக்கு அதுதானுங்க. அதை எடுக்கறதுக்குத்தான் ஒலகத்துல அல்லாரும் ஆஸ்பத்திரிக்கு ஓடறாங்க. இந்த டாக்டரு என்னடான்னா புள்ளைக்குப் புதுசா ஒண்ணு போடறாராம்! அதுவும் வெந்தது கையி, போடறது தொடைக்கு!

ஏனுங்க டாக்டரு, எங்கூட்டுல ஒரு ஆளு பிளாக்குலதான் செத்துச்சு, புள்ளைக்கும் அதைப் போடறீங்களான்னு கேட்டேன். இல்லம்மா, இது நெர்வு பிளாக்கு, வலி தெரியாம இருக்கறதுக்குன்னாரு. அதுல ஆபத்து உண்டுங்களான்னேன். ரொம்பக் கம்மிம்மான்னாரு. கம்மின்னா இருக்குதுன்னுதானுங்களே அர்த்தம்? நீங்களே சொல்லுங்க. இல்லைன்னா இல்லைன்னு சொல்லிட்டுப் போறாரு, அதென்ன கம்மி?

சுகுணா மெல்ல, அண்ணி, டாக்டரு சொல்றாருங்களே, படிச்சவருங்களேன்னா. உனக்கு ஒண்ணும் தெரியாது, நீ சும்மா இருன்னேன். லோகுகிட்டத் தாளை நீட்டுனாங்க. மயக்கத்துக்குக் கையெழுத்துப் போடு, பிளாக்குக்குப் போடாதேன்னேன். எந் தம்பி நான் கிழிச்ச கோட்டைத் தாண்டமாட்டான். வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டான். டாக்டரு தாளை வாங்கிப் பாத்தாரு. சரிம்மா, மருந்துல சமாளிக்கலாம், ஆனா எடுத்த எடம் வலிக்கும்னுட்டுப் போயிட்டாரு. அப்பிடிச் சொன்னாருன்னு சுகுணா சொல்றா. எங்காதுல அது உழுகவே இல்லீங்க. சத்தியமா உழுகல.

ஆப்பரேசன் முடிஞ்சு கொண்டாந்தாங்க. மயக்கம் தெளிஞ்சுது. கண்ணு, கை வலிக்குதான்னு கேக்கறேன். கையைப் பத்திப் பேச்சே இல்ல. தொடையைப் புடிச்சுட்டு ஒரு கத்து கத்துனா பாருங்க, அம்மிணி, அந்த மாடி பூராக் கேட்டிருக்கும். தொடை எரியுது, தொடை எரியுது, தொடையில யாரோ தீ வச்சுட்டாங்கன்னு. கையிதானே வெந்துச்சு, காலை ஏன் பண்ணுனீங்கன்னு கேக்கறா. அவளுக்குத் தெரியாதுங்க. தொடையிலிருந்து எடுக்கறாங்கன்னு அவளுக்கு யாரும் சொல்லியிருக்கல. புள்ளகிட்ட எதுக்குப் போயி அதெல்லாம்னு உட்டுட்டோம்.

ஊசி போட்டாங்க. மருந்து குடுத்தாங்க. தூங்குவா, எந்திரிப்பா, கத்துவா. திரும்பிப் படுக்கக்கூட முடியாது. துணி பட்டாலே துடிப்பா. ஒண்ணுக்குப் போறதுக்குத் தூக்குனா என்ற தோள்ல பல்லைப் பதிச்சு உட்டுட்டா. இங்க பாருங்க, இன்னும் தழும்பு இருக்குது. அஞ்சு நாளு. அந்தப் பெரிய டாக்டரு வந்து, தோலு ஒட்டுன எடத்தை விட எடுத்த எடந்தாம்மா எச்சா வலிக்கும், அங்க நரம்பெல்லாம் தொறந்து கெடக்குதுன்னாரு. அதை மொதல்லயே சொல்றதுக்கென்னன்னு நான் அவருமேல பாஞ்சேன். லோகு என்ற முந்தானையைப் புடிச்சு இழுத்தான்.

அதோட முடிஞ்சுதுன்னா பரவால்ல. எங்க கெரகம், வச்ச தோல்ல ரெண்டு எடத்துல ஒட்டல. கட்டவெரலுக்குப் பக்கத்துலயும் மணிக்கட்டுலயும். மூணு வாரம் கழிச்சு மறுக்கா ஒரு ஆப்பரேசன், மறுக்காத் தொடையில எடுக்கோணும்னுட்டாங்க.

அன்னிக்குப் புடிச்சுங்க, இந்தப் புள்ள பண்ணுன ஓரியாட்டம் இருக்குதே! சோறு உங்கமாட்டா. வெள்ளைக் கோட்டுப் போட்டு யாரு வந்தாலும், சோறு கொண்டாற ஆயாவா இருந்தாலும், போர்வையை இழுத்து மூடிக்குவா. ஒரு நாளு குளிக்க வைக்கலாம்னு பாக்கறேன், பேண்ட்டுக்கு மேல இன்னொரு பேண்ட்டு மாட்டியிருக்கா. என்னடி கண்ணு இதுன்னா, ரெண்டு போட்டிருந்தாத் தோலெடுக்க முடியாதுல்லங்கறா. சிரிக்கறதா அழுகறதா? நான் சிரிச்சேன். சிரிச்சுட்டு வெளிய போயி மூஞ்சியைக் கழுவிட்டு வந்தேன்.

எனக்கு அப்பக்கூடத் தோணலீங்க. இது டாக்டருங்க பண்ணுன தப்புன்னுதான் நெனச்சுட்டிருந்தேன். ஊர்லயிருந்து பாக்க வந்தவங்ககிட்டயெல்லாம், பிளாக்குப் போடறேன்னு வந்தாங்க, நான் இருந்ததுனாலே புள்ள பொழச்சுதுன்னு பெருமையாச் சொல்லிட்டிருந்தேன்.

ரெண்டாவது ஆப்பரேசனுக்கு மொத நாளு வந்தாங்க ஒரு டாக்டரம்மா. நசீமான்னு பேரு. அவுங்களும் மயக்க மருந்துதான். நல்லாக் குண்டா, தலையில முக்காடு, காலுல ரப்பர் செருப்பு. மத்தவங்களாட்ட நின்னுட்டுப் பேசல. கட்டலுக்குப் பக்கத்துல ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தாங்க. மொதத் தடவை பிளாக்கு வேண்டாம்னு எழுதிக் குடுத்திருக்கறீங்களே, யாருங்க சொன்னதுன்னு கேட்டாங்க. நாந்தானுங்கன்னு நெஞ்சை நிமுத்திட்டுச் சொன்னேன். ஏன்னாங்க. ஏன்னு சொன்னேன். மூணு பிளாக்கு, வியாழக்கெழமை, செவ்வாக்கெழமை, எல்லாம் சொன்னேன். 

சிரிப்பாங்கன்னு நெனச்சேன். சிரிக்கல. உங்கூட்டுக்காரரு என்ன வேலைம்மா பண்ணுனாருன்னு கேட்டாங்க.

"லைன்மேனுங்க."

"கம்பத்துல ஏறுறதுக்கு முன்னாடி என்ன பண்ணுவாரு?"

"செருப்பைக் கழட்டிச் சாமி கும்புடுவாருங்க."

"அதுக்கும் முன்னாடி?"

"எல்.சி. வாங்குவாருங்க."

உங்களுக்குத் தெரியாதில்ல அம்மிணி? லைன் கிளியருங்க. சப்-ஸ்டேசனுக்குப் போன் போட்டு, இன்ன எடத்துல வேலை பாக்கறோம், லைனை நிறுத்துங்கன்னு சொல்லோணும். அவங்க நிறுத்திப்போட்டு நிறுத்தியாச்சுன்னு சொல்லோணும். அப்பறந்தான் கம்பத்துல காலு வைக்கோணும். எல்.சி. வாங்காம எங்கூட்டுக்காரரு ஊட்டு பல்பைக்கூடத் தொடமாட்டாரு. மெயினை அமுத்திப்போட்டுத்தான் மாட்டுவாரு.

அதேதாம்மா இதுன்னாங்க டாக்டரம்மா. உங்கூட்டுக்காரருக்கு இருந்தது வேற, ரத்தம் போற குழாயில அடைப்பு, அது நோவு. இது நாங்களா நிறுத்தி வைக்கறது. தொடையில வலின்னு மூளைக்குச் சேதி போறது ஒரு நரம்பு வழியா, அது இங்க இடுப்புக்கிட்ட வருதுன்னு அவங்க இடுப்புலயே தொட்டுக் காட்டுனாங்க. அந்த எடத்துல மருந்து உட்டா, லைனு ஆப்பு. டாக்டரு அங்க தோலெடுத்தாலும் புள்ளைக்குச் சேதி போகாது. அரை நாளு, சில பேருக்கு ஒரு நாளுகூட அப்பிடியே இருக்கும். அந்த மொத நாளு வலிதாம்மா பெரிய வலி, அதைத் தாண்டிட்டாப் பாதிக் கெணறு தாண்டுன மாதிரி. அப்பறம் தானாக் கரண்ட்டு வந்துரும்.

அப்பிடியே ஒத்துக்குவனா நானு? லைன்மேன் பொண்டாட்டியில்ல! குறுக்குக் கேள்வி போட்டேன். ஊசி குத்தறப்ப வலிக்குமேன்னேன். தூங்குனதுக்கப்பறந்தான் குத்துவோம்னாங்க. எந்த நரம்புன்னு எப்பிடித் தெரியும், எடம் மாறிப்போச்சுன்னான்னேன். ஸ்கேன் மிசின்ல நரம்பைப் பாத்துட்டேதான் போடுவேன்னாங்க. லைனை நிறுத்துனதாச் சொல்லிட்டு நிறுத்தாம உட்டுட்டா? எங்கூட்டுக்காரரோட கூட்டாளி ஒருத்தரு அதுலதான் கம்பத்துலயே கருகுனாருன்னேன். சில சமயம் சரியாப் புடிக்காதும்மா, நான் பொய் சொல்லமாட்டேன், புடிக்காட்டி வேற மருந்து கையில வச்சுட்டு நான் பக்கத்துலயே இருப்பேன், ஆபத்துங்கறது ரொம்ப ரொம்ப அபூர்வம், அதுக்கும் ரெடியாத்தான் இருப்பேன்னாங்க. 

இதையேதானுங்க அந்தச் சின்ன டாக்டரும் சொன்னாரு. கம்மின்னு. ஆனா இவுங்க உக்காந்து சொன்னாங்க.

லோகு, போடுறா கையெழுத்தைன்னேன். அவன் பேனாவை ஏற்கனவே தொறந்து வச்சிருந்தான்.

அப்பறம் டாக்டரம்மா எங்களையெல்லாம் வெளிய போகச் சொல்லிட்டாங்க. புள்ளகிட்டத் தனியாப் பேசோணுமாம். என்னத்தைப் பேசுனாங்களோ தெரியாது. பத்து நிமிசம் கழிச்சு உள்ள போனா, இவ ஒரு பேண்ட்டைக் கழட்டி மடிச்சுத் தலைமாட்டுல வச்சிருக்கா.

ஆப்பரேசன் முடிஞ்சு வெளிய வந்தா. நாங்க மூணு பேரும் காதைப் பொத்திக்கறதுக்குத் தயாரா நிக்கறோம். கண்ணைத் தொறந்தா. சத்தமே இல்ல. இப்பிடி மேல பாத்தா, கீழ பாத்தா, இடது கையால தொடையைத் தட்டுனா. தட்டிப்போட்டு, அத்தை, என்ற காலைக் காணோம்னா.

அய்யோ, அவ்வளவுதான், போட்டேன் பாருங்க ஒரு சத்தம்! காலு போச்சே, எம் புள்ள காலு போச்சே, நாசமாப் போன பிளாக்கைப் போட்டு என்ற தங்கத்தை மொடமாக்கிட்டாங்களேன்னு மாரடிச்சுட்டேன். பக்கத்துக் கட்டல்காரங்க எந்திரிச்சு வந்துட்டாங்க. வாட்ச்மேன் ஓடியாறாரு. நசீமா டாக்டரம்மா ரப்பர் செருப்பு டப்டப்புன்னு வந்து நின்னு, அம்மா, எல்.சி. குடுத்திருக்கும்மா, கரண்ட்டு எப்பிடி இருக்கும்னாங்க. எனக்கு வெக்கமாப் போயிருச்சு. வார்டே சிரிக்குது. இவளும் சிரிக்கறா! அஞ்சு வாரத்துல மொதச் சிரிப்புங்க அது.

அன்னிக்குப் பூரா அவளுக்கு அதான் வெளையாட்டு. தன் தொடையைத் தானே கிள்ளிப் பாக்கறா. வர்றவங்களையெல்லாம் கூப்பிட்டுக் கிள்ளச் சொல்றா. நர்சுகிட்டப் பேனா வாங்கி, இடது கையால முட்டியில கோணல் மாணலா ஒரு மூஞ்சி வரைஞ்சு மீசை வச்சு, இது எங்கப்பாங்கறா. காலை ஊனக்கூடாது, பலமில்லாம இருக்கும், உழுந்துருவான்னு சொல்லியிருந்தாங்க. அதனால நாந்தான் தூக்கிட்டுத் திரிஞ்சேன். அடுத்த நாளு காலையில சுருசுருங்குதுன்னா. அப்பறம் லேசா வலிக்குதுன்னா. தண்ணி மருந்து குடுத்தாங்க, அதுலயே அடங்கிருச்சு. நாலாவது நாளு நடந்துட்டா. கையிலயும் தோலு இந்தத் தடவை நல்லா ஒட்டிருச்சு. இப்பப் பென்சிலு புடிக்கறா. பிரசும் புடிக்கறா. எங்கூட்டுச் செவுத்துல எடமே இல்ல.

அதுக்கப்பறம் அந்த வார்டுல நான் சும்மா இருந்தனா? புதுசா ஒரு புள்ளைக்கு ஆப்பரேசன்னா நாந்தான் மொதல்ல போயி உக்காருவேன். எல்.சி. எழுதிக் குடுத்துட்டீங்களா, அதைக் கேட்டு வாங்குங்கன்னு. பயப்படறவங்களுக்கு நாந்தான் வெளக்கம். கடைசியில நர்சுங்களே, போங்க, அந்த எல்.சி. அத்தையைப் பாருங்கன்னு அனுப்பி வச்சாங்க. இன்னிக்குக் காட்டறதுக்குப் போனோமில்ல, வாசல்லயே ஒரு நர்சு, வாங்க எல்.சி. அத்தைன்னு கும்புடறாங்க.

என்னங்க, பல்லடம் வந்துருச்சா? இல்ல, இது காரணம்பேட்டை. இன்னும் நேரமிருக்கு.

இத்தனை நேரம் வாய் ஓயாமப் பேசறனே, நீங்களும் பாவம் தலையை ஆட்டிட்டு வாறீங்க. ஒண்ணு சொல்லட்டுங்களா. அந்தச் சிரிப்பெல்லாம் சிரிச்சாளே, அன்னிக்குப் பொழுதோட இவ என்னையக் கூப்பிட்டு, அத்தை, இந்த ஊசியை மொதத் தடவை ஏன் போடலைன்னு கேட்டா. நான் யோசிக்கவே இல்லீங்க. டக்குனு வாயில வந்துருச்சு. இது இப்பத்தான் கண்ணு புதுசா வந்திருக்குது, உனக்குத்தான் மொதல்ல போட்டிருக்கறாங்கன்னேன். டாக்டரம்மா அங்கதான் நிக்கறாங்க. என்னையப் பாத்தாங்க. 

அதோட உட்டாளா? பள்ளிக்கூடத்துல போயிப் பூராச் சொல்லிட்டா. புதுசா ஒரு ஊசி வந்திருக்குது, ஒலகத்துலயே எனக்குத்தான் மொதல்ல போட்டாங்கன்னு. டீச்சரு கைதட்டச் சொன்னாங்களாம். ஊட்டுக்கு வர்ற ஒறம்பரைங்ககிட்டயெல்லாம் சொல்லுவா. சொல்லிப்போட்டு, இல்லைங்களா அத்தைன்னு என்னையப் பாப்பா. ஆமா சாமி, ஆமா சாமின்னு ரெண்டு மாசமாத் தலையை ஆட்டிட்டிருக்கறேன். சுகுணா அந்தப் பக்கமா மூஞ்சியைத் திருப்பிக்குவா. ஒரு வார்த்தை சொல்லமாட்டா. சொல்லித் தொலைஞ்சாக்கூட நல்லாருக்கும்.

இன்னிக்கு டாக்டரைப் பாக்க வரிசையில உக்காந்திருக்கறோம். பக்கத்துல ஒரு காங்கேயத்துப் புள்ள, பன்னெண்டு வயசிருக்கும், கழுத்துல பட்டை கட்டியிருக்கறா. ரெண்டும் பேசிக்குதுங்க. நான் கவனிக்கல, நான் அந்தப் பக்கம் ஒருத்தருக்கு எல்.சி. பத்திச் சொல்லிட்டிருக்கறேன். 

அப்பறம் சிங்காநல்லூர்ல பஸ்சுக்கு நிக்கறப்ப, வேகவச்ச சோளக்கருது வாங்கிக் குடுத்தேன். லோகு டீக்குடிக்கப் போயிட்டான். கருதைக் கடிச்சுட்டே சொல்றா, அத்தை, அந்தக் காங்கேயத்து அக்காவுக்குப் போன வருசமே இந்த ஊசி போட்டாங்களாம்னு. 

"ஓ"ன்னேன்.

"அப்பப் புதுசில்லை."

நான் ரோட்டைப் பாத்தேன். ஒரு பஸ்சைக் காணோம். மத்த நேரத்துல நாலு வரும்.

"எனக்கும் மொதத் தடவையே போட்டிருக்கலாமா அத்தை?"

பொய்யி வருமான்னு பாத்தேங்க. எனக்குப் பேச்சா பஞ்சம்? வரல. போட்டிருக்கலாம் சாமி, டாக்டரு போடறேன்னுதான் சொன்னாரு, அத்தைதான் வேண்டாம்னுபோட்டேன்னேன். கருதைத் தூக்கி எறிவா, என்னைய அடிப்பா, ஓன்னு அழுவான்னு நிக்கறேன். அடிச்சிருந்தாத் தேவலை. அவ நெதானமா மென்னுட்டு என்ற மூஞ்சியைப் பாத்தா.

"பயந்துட்டியா?"

"ஆமா சாமி. உங்க மாமனைக் கொண்டு போன மாதிரி உன்னையும் கொண்டு போயிருமோன்னு பயந்துட்டேன். அத்தைக்கு வேற யாருடி இருக்கறா?"

சரின்னு தலையை ஆட்டுனா. மறுக்கா ரெண்டு கடி. அப்பறம் சொல்றா, என்னைக் கேட்டிருந்தா நான் போட்டுக்கறேன்னு சொல்லியிருப்பனே அத்தை, என்ற காலுதானேன்னு. 

அவ்வளவுதான். பஸ்சு வந்துருச்சு, ஏறிட்டோம், தூங்கிட்டா. மூஞ்சியைப் பாருங்க, ஒரு கோவம் இருக்குதா பாருங்க. 

இந்தா, பல்லடம் வந்துருச்சு. பாத்து எறங்குங்க, படிக்கிட்டக் கூட்டமா நிக்கறாங்க. ஒரே ஒரு நிமிசம் அம்மிணி. அந்த மொத நாளு ரூம்புல அஞ்சு பேரு நின்னோமுங்க. டாக்டரு, நர்சு, லோகு, சுகுணா, நானு. இவ கட்டலு மேல சப்பணம் போட்டு உக்காந்து, பேசறவங்க மூஞ்சியை ஒவ்வொண்ணாப் பாத்துட்டிருந்தா. அந்தக் கருதுக் கடைகிட்ட நிக்கறப்பத்தான் எனக்கு நெனப்பு வந்துச்சு. டாக்டரு வலி தெரியாதுன்னு சொன்னாரில்ல, அப்ப இவ வாயைத் தொறந்தாளுங்க. என்னமோ சொல்ல வந்தா. நாந்தான், பெரியவங்க பேசறப்ப நீ சும்மா இருன்னுபோட்டேன்.